பாதிப் பாலத்தில் ஒப்பந்தம் ரத்து: வழக்குக்கு முன்னால் அளவு எடுங்கள்

கேள்வி: நெடுஞ்சாலைத் துறையில் 3.20 கோடி ரூபாய்க்குப் பாலம் கட்ட ஒப்பந்தம் எடுத்தேன். நிலம் எடுத்துத் தரவும் மின்கம்பங்களை மாற்றவும் எட்டு மாதம் இழுத்தார்கள். 55 சதவீத வேலை முடிந்த நிலையில், தாமதம் என்று சொல்லி, விளக்கம்கூடக் கேட்காமல் ரத்து செய்துவிட்டார்கள். வங்கி உத்தரவாதத்தையும் பணமாக்கப் போகிறார்களாம். என்ன வழி?

பதில்: முதல் வேலை கூட்டு அளவீடு: முடிந்த வேலையை நீங்களும் துறையும் சேர்ந்து அளந்து பதிவு செய்வது. மறு டெண்டரில் வருபவர் வேலையைத் தொடங்கிவிட்டால், நீங்கள் செய்தது எது, அவர் செய்தது எது என்று பிரிக்க முடியாது. அதுவும் பாலத்தில் அஸ்திவாரத்தை மண் மூடிவிடும், கம்பியை கான்கிரீட் மூடிவிடும். கோட்டப் பொறியாளருக்குத் தேதியும் நேரமும் குறித்து இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். அவர்கள் வராவிட்டால் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். மூடிய வேலைக்கு எம்-புக் (துறையின் அளவுப் பதிவேடு) நகல், கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் கியூப் சோதனை அறிக்கை, கம்பி வாங்கிய பில் மூன்றும் சாட்சி. தளத்தில் கிடக்கும் ஜல்லி, சென்டரிங் சாமான், இயந்திரங்களையும் பட்டியல் போடுங்கள். இறுதி பில்லில் 'பாக்கி ஏதுமில்லை' என்று கையெழுத்துக் கேட்பார்கள். 'ஆட்சேபணையுடன்' என்று எழுதாமல் போடாதீர்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற பிரிவு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவே இல்லாவிட்டால் சிவில் வழக்கு. அரசு மீது என்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தேவை; அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். வங்கி உத்தரவாதத்துக்குத் தடை கிடைப்பது கடினம்: மோசடி அல்லது ஈடுசெய்யவே முடியாத இழப்பைக் காட்ட வேண்டும். ஆனால் உத்தரவாத வாசகத்தில் சொன்ன முறைப்படி கோரிக்கை வரவில்லை என்றால் அதுவும் வலுவான வாதம்.

விளக்கம் கேட்காத ரத்து என்பதால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவு ரிட் மனுவும் திறந்திருக்கிறது. 2024-ல் சுபோத் குமார் சிங் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படியான தன்னிச்சையான ரத்தைச் செல்லாதென்றது. தாமதம் யாரால் என்று சாட்சி விசாரிக்க வேண்டியிருந்தால் மட்டும் ரிட் கைகொடுக்காது. பாலமே திரும்பக் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். சாலை, பாலம் போன்ற உள்கட்டமைப்பு வேலை தாமதமாகும்படி சிவில் நீதிமன்றம் தடை தரக் கூடாது என்கிறது குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 20ஏ பிரிவு.

கேட்க வேண்டியது பணம். செய்த வேலைக்கான பாக்கி, வைப்புத்தொகை, சும்மா நின்ற இயந்திரச் செலவு, மீதி வேலையின் லாபம். 1984-ல் பிரிஜ் பால் சிங் வழக்கில் மீதி வேலை மதிப்பில் 15 சதவீதம் லாப இழப்பாக ஏற்கப்பட்டது. உங்கள் மீதி 1.44 கோடிக்கு அது 21.60 லட்சம். இதற்கெல்லாம் ஆதாரம், நிலமும் கம்பமும் தடையாக இருந்தபோதே நீங்கள் எழுதிய கடிதங்கள். மறு டெண்டரின் கூடுதல் செலவை உங்கள் தலையில் கட்டினால், 1987-ன் ராமேஷ்வரா ரைஸ் மில்ஸ் தீர்ப்பைக் காட்டுங்கள்: ஒப்பந்த மீறலை நீங்கள் மறுக்கும்போது, மீறல் நடந்ததா என்பதைத் துறையே தீர்மானிக்க முடியாது.

கருப்புப் பட்டியல் நோட்டீஸ் வந்தால் தனியாக, கெடுவுக்குள் பதில் கொடுங்கள். பணம் கேட்கும் வழக்குக்கு ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுதான் காலவரம்பு. செய்த வேலையின் கூலிக்கு அது வேலை முடிந்த நாளிலிருந்தே ஓடும்.