ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள்: பழைய மரச்சாமான் பற்றிய கேள்வி பதில்

பழைய சோபா, நாற்காலி, கட்டில் இவற்றைக் கையால் சீர்செய்வது பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மெத்தை கட்டுவது, பிரம்பு பின்னுவது, அரக்கு பாலிஷ் ஏற்றுவது, இந்த மூன்றும் என் வேலை. விலை மதிப்பிடுவது என் வேலை இல்லை. நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இன்று நாம் செய்வதை நாளை இன்னொருவர் மரத்தைக் காயப்படுத்தாமல் பிரிக்க முடிய வேண்டும்.

கேள்வி (திருச்சி வாசகி): தாத்தா காலத்துத் தேக்கு சோபா. உட்கார்ந்தால் ஒரு பக்கம் அமுங்குகிறது, ஸ்பிரிங் குத்துகிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளைவுட் அடித்து ஃபோம் போடலாம் என்கிறார். நானே சரிசெய்ய வழி இருக்கிறதா ஐயா?

பதில்: இருக்கிறது அம்மா. பிளைவுட் யோசனையை முதலில் நிறுத்தி வையுங்கள். குத்துகிற ஸ்பிரிங் பெரும்பாலும் கெட்டுப்போன ஸ்பிரிங் இல்லை. அதைக் கட்டியிருந்த சணல் கயிறோ, அடியில் தாங்குகிற நாடாவோ அறுந்திருக்கும். சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக அடித்ததை முதலில் எடுக்க வேண்டும். அடித்துணி, வெளிமுதுகு, கைப்பகுதி, உட்காரும் இடம் என்று பிரித்துக்கொண்டே ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். மேல்துணியைக் கிழிக்காமல் எடுத்தால் புதுத்துணி வெட்ட அதுவே அளவு. ஆணிகளை நெம்பும்போது உளியை மரத்தின் நார் ஓடும் போக்கில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) தட்டுங்கள். குறுக்கே தட்டினால் சட்டம் பெயர்ந்து வரும்.

சட்டம் வெறுமையானதும் ஆட்டிப் பாருங்கள். கழுந்து, அதாவது மூட்டில் துளைக்குள் நுழையும் மர நாக்கு, ஆடினால் பழைய பசையை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து எடுத்துவிட்டு வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிச் செய்யும் பசை) போடுங்கள். வச்சிரத்தை இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் போதும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். டப்பாவில் வரும் வெள்ளைப் பசை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் 30 வருடம் கழித்து அந்த மூட்டு மறுபடி ஆடும்போது கழுந்தை உடைக்காமல் கழற்ற முடியாது. வச்சிரம் வெந்நீருக்கு இளகிவிடும்.

அப்புறம் நாடா. ஸ்பிரிங் வைத்த இருக்கையில் 2 அங்குலச் சணல் நாடாவைச் சட்டத்தின் அடிப்பக்கம் அடிக்க வேண்டும். குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழுமாகக் கோத்து, தட்டினால் ஓசை வரும் அளவுக்கு இழுங்கள். நுனியை மடித்து ஐந்து ஆணி அடியுங்கள், ஆனால் நேர்வரிசையில் வேண்டாம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அடித்தால் மரம் பிளக்காது.

ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் நாடாவோடு நான்கு இடத்தில் தையுங்கள். பிறகு மேல்வளையத்தைச் சணல் கயிற்றால் முன்பின், இடவலம், இரண்டு மூலைவாட்டம் என்று எட்டுப் பக்கமும் முடிச்சுப் போட்டு, சுமார் 2 அங்குலம் அமுக்கிய நிலையில் கட்ட வேண்டும். இந்த வேலையின் உயிர் இப்படிக் கட்டும் முறையில்தான் இருக்கிறது. நடுவில் உள்ளவை நேராக நிற்க வேண்டும், ஓரத்தில் உள்ளவை லேசாக வெளியே சாயலாம். உட்கார்ந்தால் நேராக இறங்கி நேராக எழும்ப வேண்டும். ஒன்று கோணிக்கொண்டாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

அதன் மேல் சாக்குத்துணி, அதையும் ஸ்பிரிங்கோடு சேர்த்துத் தையுங்கள். மேலே நன்றாகக் கோதிப் பிரித்த தேங்காய் நார். ஐரோப்பாவில் குதிரைமுடி போட்டார்கள், நம் பக்கம் நார்தான் வழக்கம். ஓரங்களைத் தைத்து இறுக்கி, பஞ்சு பரப்பி, காடாத்துணி போர்த்தி, அதற்கு மேல்தான் வெளித்துணி. சென்னிமலை, கரூர் பக்கம் கிடைக்கும் கனத்த பருத்தித் துணி நன்றாக நிற்கும்.

கேள்வி (மதுரை): 1930களில் வாங்கிய ஈட்டி மர மேஜை. என்ன விலைக்குப் போகும்?

பதில்: விலை என் வேலை இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): பிரம்பு நாற்காலியின் இருக்கை தொய்ந்துவிட்டது. எங்கும் அறுபடவில்லை. முழுவதும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. நாற்காலியைக் கவிழ்த்து, பிரம்பின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்குங்கள். பளபளப்பான மேல்பக்கம் தண்ணீரை உறிஞ்சாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். ஒரு நாள் நிழலில் காயட்டும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது. காயும்போது அதுவே இழுத்துக்கொள்ளும்.

அறுந்திருந்தால் முழுவதும் பின்ன வேண்டியதுதான். வழக்கமான எண்கோணக் கண் பின்னல் ஆறு சுற்று: நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு. பிரம்புத் தோலைக் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும், அதிகம் ஊறினால் கறுக்கும். எந்த அகலப் பிரம்பு என்பதைச் சட்டத்திலுள்ள துளைகளின் இடைவெளிதான் முடிவு செய்யும். இந்தத் தொழிலைப் பார்வையற்ற கலைஞர்கள் பலர் விரல் கணக்கிலேயே செய்கிறார்கள். அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்ன அவர்களுக்கென்றே பணியிடங்கள் இருந்தன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் வேலையை அவரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் ஒயர் போட்டு முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒயரை இழுத்துக் கட்டும் வேகத்தில் துளைகளுக்கு நடுவே சட்டம் விரிசல் விடுகிறது.

கேள்வி (சென்னை): சாப்பாட்டு மேஜையில் டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம். இன்னோர் இடத்தில் கறுப்பு வட்டம். மெஷின் போட்டு இழைத்துவிடலாமா?

பதில்: மெஷின் வேண்டவே வேண்டாம். வெள்ளை வட்டம் பாலிஷுக்குள் மாட்டிய ஈரம், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சுப்பொட்டலத்தால் ஒரே வீச்சில் ஒத்தி எடுங்கள், பெரும்பாலும் மறையும். கறுப்பு, மரத்துக்குள்ளேயே இறங்கிய கறை. ஈரமும் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படி ஆகும். அதற்கு அந்த இடத்தில் பாலிஷை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போட வேண்டும். கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் பீரோவில் இருப்பது அரக்கு பாலிஷா, புது ரகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நானே பாலிஷ் போடலாமா?

பதில்: யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. பிசுபிசுக்காமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்) என்ற புது ரகம்.

நீங்களே போடலாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 240 கிராம் அரக்குச் செதில், ஒரு இரவு கரையட்டும். பழைய கரைசலை வாங்காதீர்கள், நாள்பட்டது கெட்டியாகக் காயாது. பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, மெல்லிசாகப் பல பூச்சு ஏற்றுங்கள். இழுபறியாக இருந்தால் பொட்டலத்தில் ஆளி விதை எண்ணெய் ஒரு சொட்டு. மழைநாளில் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரர்: அண்ணா, திருச்சி அம்மாவுக்கு நீங்கள் சொன்னது ஏட்டில் சரி. நான் சோபா வேலை செய்கிறவன். ஸ்பிரிங் கட்டும் வேலைக்கு இன்று ஆளே இல்லை. நாரில் உட்கார்ந்தால் குத்துகிறது, தும்மல் வருகிறது என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். பிளைவுட், ஃபோம் என்றால் ஒரே நாளில் முடியும், கூலியும் குறைவு. ஒரு காலத்தில் ஸ்பிரிங்கே புதுசாக வந்ததுதானே?

பதில்: வந்ததுதான். இருக்கைக்கு ஸ்பிரிங் வைக்க 1828-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன் பெரும்பாலும் நாடா மேல் திணிப்புதான். புதியது என்பதால் நான் ஃபோமை மறுக்கவில்லை. அதைப் பொருத்துவதற்காக மரத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பிளைவுட் உட்காரச் சட்டத்தின் உள்பக்கத்தை வெட்டுகிறார்கள், கட்டை வைத்துத் திருகுகிறார்கள், ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். வெயிலும் ஈரமும் பட்டு ஃபோம் சில வருடங்களில் மஞ்சளாகித் தூளாகிவிடும். அப்போது ஃபோமை மாற்றலாம், வெட்டிய சட்டத்தை மாற்ற முடியாது.

திருச்சி வாசகி: எங்கள் பெரியம்மா வீட்டு சோபாவில் அப்படித்தான் செய்தார்கள். இப்போது முன்சட்டமே பிளந்துவிட்டது.

கோவை: சட்டத்தை வெட்டுகிறவர்களை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தினமும் பிள்ளைகள் குதிக்கும் சோபாவுக்கு என்ன செய்வது? எல்லாரும் மியூசியம் வைத்திருக்கிறார்களா?

பதில்: நியாயமான கேள்வி. தினப் புழக்கத்துக்கு ஒரு நடுவழி உண்டு. நாடாவும் ஸ்பிரிங்கும் கட்டும் அப்படியே இருக்கட்டும். சாக்குத்துணிக்கு மேலே நாருக்குப் பதில் இயற்கை ரப்பர் ஃபோம் பாளம் வைத்துப் பஞ்சு போர்த்துங்கள். தும்மல் பிரச்சினை தீரும், ஒரு ஆணிகூட மரத்தில் கூடுதலாக அடிக்க வேண்டாம், வேண்டும்போது எடுத்துவிட்டு நார் வைக்கலாம். இதை நானும் செய்து கொடுக்கிறேன். இதில் ஸ்பிரிங் கட்டும் கூலி உண்டு, அதைக் குறைக்க வழி இல்லை. அந்தக் கூலியைக் கேட்டு வாங்க நாம் கூச்சப்படுவதால்தான் ஆள் கிடைப்பதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட வீட்டில தும்பு திணிச்ச பழைய கதிரையொன்று இருக்கு ஐயா. கடல் காத்துக்குப் பூஞ்சணம் மணக்குது. தும்பை எறிஞ்சுபோடவோ?

பதில்: எறிய வேண்டாம். தும்பை (நாங்கள் தேங்காய் நார் என்போம்) வெளியே எடுத்துத் தூசி தட்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுக் கோதி எடுங்கள். இழை ஒடிந்து தூளாகியிருந்தால் மட்டும் புதியது சேருங்கள். தும்பை மட்டும்தான் வெயிலில் வைக்க வேண்டும், கதிரையின் மரத்தை அல்ல.

கேள்வி (சேலம்): கட்டில் காலுக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது.

பதில்: வண்டு. தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் உள்ள கறுத்த கெட்டி மரத்தை, அது அதிகம் தொடாது, வெளிர்நிற ஓரத்தைத்தான் தின்னும். கீழே கறுப்புக் காகிதம் விரித்துத் தூளைத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். மறுபடி கொட்டினால்தான் வண்டு உயிரோடு இருக்கிறது. பாலிஷ் இல்லாத உள்பக்கத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஏற்றுங்கள், பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. சின்னச் சாமானைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தாலும் சாகும்.

கேள்வி (விழுப்புரம்): பச்சை பெயின்ட் அடித்த பழைய ஊஞ்சல் பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். பெயின்ட் ரிமூவர் போட்டு ஈரமாகவே சுரண்டுங்கள். காஸ்டிக் சோடாவும் வேண்டாம், மரம் கறுத்து மூட்டு இளகும்.

கேள்வி (டொராண்டோ): கொள்ளுத்தாத்தாவின் நகைப்பெட்டியை இங்கே கொண்டுவர முடியுமா?

பதில்: 100 வருடம் தாண்டிய கைவினைப் பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதற்கு உட்பட்டதா இல்லையா என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குங்கள். ஈட்டி மரமாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி பற்றியும் கேளுங்கள். தந்தம் பதித்திருந்தால் வனத்துறையைக் கேட்காமல் நகர்த்தவே நகர்த்தாதீர்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் மேஜை 150 வருடப் பழசு என்று விற்றார்கள். உண்மையா?

பதில்: திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட தலை என்றால் அந்தத் திருகு 1930களுக்குப் பிந்தியது. பிற்பாடு பழுதுபார்த்தவர் போட்டதாகவும் இருக்கலாம், அதனால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இழுப்பறையின் அடிப்பலகை பிளைவுட் என்றால் விற்றவரிடம் கேள்வி கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): தேக்கு நாற்காலிக்கு எந்த பாலிஷ் நல்லது?

பதில்: தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): பாலிஷ் எப்படிப் போடுவது? அப்படியே விலையும் சொன்னால் நல்லது.

பதில்: பாலிஷ் மேலே இருக்கிறது. விலை சொல்ல மாட்டேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்.

கேள்வி (சென்னை): பெல்ஜியம் கண்ணாடிக்குத் திரும்ப ரசம் பூசலாமா?

பதில்: அது கண்ணாடி வேலைக்காரரின் துறை. என்னைக் கேட்டால் பூச வேண்டாம். மரச்சட்டத்தை மட்டும் நான் பார்ப்பேன்.

கோவை: சரி அண்ணா, ஒரு சோபாவுக்கு நீங்கள் சொன்ன நடுவழியைச் செய்து பார்க்கிறேன். நாடாவை அந்த அளவுக்கு இழுக்கக் கை வரவில்லையே, கருவி எங்கே வாங்குவது?

பதில்: வாங்க வேண்டாம், பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள். ஒரு அடி நீளம், 4 அங்குல அகலத்தில் கெட்டியான பலகை. நடுவில் நாடா நுழையும் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். நாடாவை மடித்து அந்த வாய் வழியே நுழைத்து, மறுபக்கம் மடிப்புக்குள் ஒரு உருளைக் குச்சியைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். பலகையின் நுனியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துக் கீழே அழுத்துங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தில் முட்டும் என்றால் நுனிக்குத் தோல் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையால் அழுத்திப் பிடித்து மறு கையால் முதலில் மூன்று ஆணி, பிறகு நாடாவை நறுக்கி மடித்து மேலே இரண்டு. ஸ்பிரிங் கட்டியதும் மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, கட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.