ஆட்டிசம்: கோடை வரை காத்திருக்கலாமா? – கடிதம்

வணக்கம்.

எனக்கு 64 வயது. நங்கநல்லூரில் இருக்கிறேன். மூத்த மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரனுக்கு இரண்டு வயது எட்டு மாதம், இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வயது செக்கப்பிலேயே ஆட்டிசமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மகள் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை, "நானே மூணு வயசுலதான் பேசினேன்" என்கிறார். சம்பந்தியம்மா நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார். ஜோசியர் ராகு கேது பரிகாரம் சொல்லியிருக்கிறார். அங்கே பதிந்தால் முத்திரை விழுந்துவிடும், கிரீன் கார்டுக்கும் இடைஞ்சல் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம். கோடையில் இங்கே வந்ததும் காட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். இளையவளுக்கு வரன் பார்க்கிறோம், அதனால் வெளியே சொல்லவும் பயம். தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசலாமா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மாவுக்கு,

கோடை வரை காத்திருக்க வேண்டாம். வளர்ச்சியில் பின்தங்கும், மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்கு உதவ அமெரிக்காவில் 'ஏர்லி இன்டர்வென்ஷன்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டாம், உங்கள் மகளே போன் செய்து பதியலாம். பதிந்த 45 நாளுக்குள் குழந்தையைப் பார்த்து, என்ன செய்யப்போகிறோம் என்ற முதல் கூட்டத்தையும் நடத்த வேண்டும். மதிப்பீட்டுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் மூன்றாவது பிறந்தநாளுக்கு 45 நாள்கூட இல்லாத நேரத்தில் போனால், அதைச் செய்யும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. உங்கள் பேரனுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. மூன்று வயதுக்குமேல் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கும் இப்போதே தேதி போட்டுக் கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முத்திரை, கிரீன் கார்டு இரண்டு பயமும் வேண்டாதவை. அந்தப் பதிவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியாருக்குக் காட்டக் கூடாது. கிரீன் கார்டு கேட்பவர் அரசு உதவியை நம்பியே வாழ்வாரா என்று பார்ப்பதை 'பப்ளிக் சார்ஜ்' என்பார்கள். சிறப்புக் கல்வி பெறுவது அந்தக் கணக்கில் சேராது.

மதிப்பீட்டைத் தமிழிலும் செய்யச் சொல்லிக் கேட்கட்டும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையை இங்கிலீஷில் மட்டும் சோதித்தால், தெரிந்ததும் தெரியாததுபோல் ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளருக்கும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மா தட்டித்தடுமாறிப் பேசும் இங்கிலீஷைவிட அவள் கொஞ்சும் தமிழில்தான் குழந்தைக்குக் கற்க நிறைய இருக்கிறது.

"லேட்டாப் பேசும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் வருஷங்கள் போகின்றன. வார்த்தை வரவில்லை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது குழந்தை நிலாவைப் பார்க்கிறதா, உங்கள் விரலையே பார்க்கிறதா? தனக்குப் பிடித்ததை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா, இல்லை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? வெறுமனே பேச்சு மட்டும் தாமதமான குழந்தை கையாலும் கண்ணாலும் ஓயாமல் பேசும். இதையெல்லாம் வீடியோ காலில் கண்டுபிடிக்க முடியாது, மகளிடம் கேளுங்கள். காது பரிசோதனையும் கூடவே நடக்க வேண்டும்.

வசம்பு வேண்டாம். குறை நாக்கில் இல்லை. அதோடு வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது. பரிகாரம் செய்வது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகிக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் அனுப்புங்கள். அதற்குக் குழந்தை விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னை வந்தால் ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்லி யாராவது லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. இங்கே ஒரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் (NIEPMD) இருக்கிறது.

மகள் ஏன் மறைத்தாள் என்று யோசித்தீர்களா? "கிரகணத்துல வெளியே போனியா, மாசமா இருந்தப்போ என்ன பண்ணின?" என்ற கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். நம் ஊரில் மட்டும் இல்லை, அமெரிக்க டாக்டர்களே ஒரு காலத்தில் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதிய பிறகுதான் அந்தப் பழி ஆட்டம் கண்டது. அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, அது யாருடைய தவறும் அல்ல. "உன்மேல தப்பில்ல கண்ணா, நாளைக்கே போன் பண்ணு" என்று நீங்கள் சொன்னால், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரும்.

இளையவள் விஷயம். மறைத்து முடிக்கும் சம்பந்தத்தில், முதல் விசேஷத்துக்கே பேரனை ஒரு அறையில் வைத்துப் பூட்ட வேண்டி வரும். பேச்சு நடக்கும்போதே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். அதற்காகப் பின்வாங்குகிறவர்கள் இப்போதே போவது நல்லது.

நீங்கள் அங்கே போகும்போது ஒன்று செய்யுங்கள். பால் கப்பை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து "பால்" என்று ஒரே வார்த்தை சொல்லி, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், கை நீட்டல், எது வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். எதுவும் வராவிட்டால் இன்னொரு முறை "பால்" சொல்லிவிட்டுக் கொடுங்கள், அழவிட வேண்டாம். பெரும்பாலும் பாட்டிகள் இரண்டு எண்ணுவதற்குள் கொடுத்துவிடுவார்கள்.