ஐம்பதுக்குப் பின் சைக்கிள்: கேள்வி பதில்

வயது ஏறியபின் சைக்கிள் ஓட்டத் தொடங்குவோர் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். உடல்நலம் தொடர்பான இடங்களில் பொதுவாக அறியப்பட்டதை மட்டுமே சொல்லியிருக்கிறேன். உங்கள் உடலைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

கேள்வி: எனக்கு 58 வயது. முழங்காலில் இலேசான தேய்மானம் இருப்பதாக மருத்துவர் சொன்னார். சைக்கிளைத் தொட்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த வயதில் தொடங்குவது சரிதானா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழங்காலில் வந்து இறங்குகிறது. சைக்கிளிலோ அந்த எடையின் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்வதால், மூட்டு அதிர்ச்சியில்லாமல் மடங்கி நீள்கிறது. தேய்மானம் உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் சைக்கிளைப் பரிந்துரைப்பது இதனால்தான். வயதை நினைத்துத் தயங்குவோரிடம் நான் பிரான்சு நாட்டு ரொபேர் மர்ஷானைப் பற்றிச் சொல்வதுண்டு. 1911-இல் பிறந்த அவர் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் மீண்டும் சைக்கிளைக் கையில் எடுத்தார். 2017 ஜனவரியில், தம் 105-ஆம் வயதில், பந்தயத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 22.547 கி.மீ. ஓட்டினார். அறுபதை நெருங்கும்போது தொடங்குவது காலங்கடந்த செயல் அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றில் எது இருந்தாலும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருந்தாலும், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், 15 அல்லது 20 நிமிடம், மேடில்லாத பாதையில் ஓட்டினால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. அதை எட்டுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஓட்டிக்கொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுவே மிதமான வேகம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவோருக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது.

கேள்வி: கடையில் மலைப்பாதை சைக்கிள், வளைந்த ஹேண்டில் வைத்த பந்தய சைக்கிள், கூடை வைத்த சைக்கிள் என்று அடுக்கடுக்காகக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க் அவசியமா?

பதில்: தார்ச்சாலையிலும் ஓரளவு கரடுமுரடான பாதையிலும் ஓட்டப்போகிறவருக்கு பந்தய சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்டதாக, ஹைபிரிட் என்று விற்கப்படும் வகையே ஏற்றது. ஹேண்டில் நேராகவும் இருக்கையின் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ இருந்தால், முதுகை அதிகம் வளைக்காமல், கழுத்தை அண்ணாந்து பார்க்காமல் ஓட்டலாம். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க்கை நான் பரிந்துரைப்பதில்லை. அது எடையைக் கூட்டும். பராமரிப்பில்லாவிட்டால் சில மாதங்களில் இறுகி, வேலை செய்வதையே நிறுத்திவிடும். சாலையின் அதிர்வைத் தணிக்க 35 முதல் 45 மி.மீ. அகலமுள்ள டயரும், அதில் அளவான காற்றும் போதுமானவை.

இடுப்பு மூட்டு இறுகியவர்களும் காலை உயரத் தூக்க முடியாதவர்களும் குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டத்தையே வாங்க வேண்டும். அதைப் பெண்களுக்கான சைக்கிள் என்று ஒதுக்கிவிட்டு, பின்னர் ஏறி இறங்கும்போது தடுமாறி விழுகிற ஆண்கள் உண்டு. வீட்டு வாசலில் நின்றபடியே விழுவதும் எலும்பை முறிக்கும். குறுக்குக் கம்பி உயரமான சட்டமாக இருந்தால், இரு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி வேண்டும். தள்ளுபடி கிடைக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருக்கையையும் ஹேண்டிலையும் மாற்றலாம், டயரையும் மாற்றலாம். சட்டத்தை மாற்ற முடியாது.

கியரைப் பார்க்கும்போது மொத்தம் எத்தனை என்று கேட்பதைவிட, மிக இலேசான கியர் எவ்வளவு இலேசு என்று பாருங்கள். முன்பக்கத்தின் சிறிய பல்சக்கரத்தில் உள்ள பற்களையும் பின்பக்கத்தின் பெரிய பல்சக்கரத்தில் உள்ள பற்களையும் எண்ணினால், பின்பக்க எண்ணிக்கை முன்பக்கத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். முன்னால் 32, பின்னால் 34 என்பது நல்ல இணை. மேட்டில் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தபடியே ஏற அதுதான் உதவும்.

கேள்வி: புது சைக்கிள் வாங்கி மூன்று வாரமாகிறது. முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலிக்கிறது. என் முழங்காலுக்குச் சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விடவேண்டாம். எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயம்தான். அநேகமாக எல்லாவற்றிலும் காரணமும் ஒன்றுதான். உங்கள் இருக்கை தாழ்ந்திருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள், நிறுத்தும்போது உட்கார்ந்தபடியே இரு பாதத்தையும் தரையில் வைக்க வேண்டும் என்ற அச்சத்தில் இருக்கையை இறக்கிக்கொள்கிறார்கள். அப்படி ஓட்டினால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது; அந்த மடக்கத்திலிருந்து அழுத்தும் ஒவ்வொரு முறையும் முழங்கால் சில்லு தொடை எலும்போடு பலமாக அழுந்துகிறது.

சைக்கிளைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒருவரை ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கமாக ஓட்டும்போது அணியும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை அடிப்புள்ளிக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் கால் முழுவதும் நேராக வேண்டும். அதுவே சரியான உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம் என்பதால், அப்போது முழங்காலில் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடக்கம் தானாகவே வந்துவிடும். உங்கள் இருக்கை வெகுவாகத் தாழ்ந்திருந்தால் ஒரே நாளில் ஏற்றாமல், சில நாள்களுக்கு ஒருமுறை அரை செ.மீ. வீதம் ஏற்றுங்கள். இருக்கைத் தண்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. சரியான உயரம் கிடைத்ததும் தண்டில் ஒரு துண்டு நாடாவை ஒட்டி வைத்துவிட்டால், பழுதுபார்க்கும்போது யாராவது இறக்கினாலும் பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். முழங்காலின் பின்பக்கம் வலித்தால், இருக்கை கூடுதலாக ஏறிவிட்டது என்று பொருள்.

நிறுத்தும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். சைக்கிள் நிற்கப்போகும் நேரத்தில் ஒரு பெடலைக் கீழே வைத்து, அதன் மேல் எழுந்து, இருக்கையை விட்டு முன்னால் இறங்கி, மறுகாலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஆளில்லாத இடத்தில் ஒரு மாலைப்பொழுது பழகினால் இது கைவந்துவிடும்; அதன்பின் இருக்கையின் உயரம் ஒரு பொருட்டாகவே இராது.

இன்னொன்று, கடினமான கியரில் மெதுவாக மிதிப்பதும் முழங்காலைக் கெடுக்கும். வலது முழங்கால் 15 விநாடிகளில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 60-க்குக் கீழே இருந்தால் கியரை இலேசாக்குங்கள். 70, 80 என்று வந்தால் நல்லது. இருக்கையையும் கியரையும் சரிசெய்தபின்னும் வலி தொடர்ந்தாலோ, முழங்கால் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: உட்காரும் இடம் வலிக்கிறது. மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். உட்காரும்போது உடலின் எடையை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்க வேண்டும். மிக மெத்தென்ற இருக்கையில் அந்த முனைகள் அமிழ்ந்துபோக, நடுவில் உள்ள மென்மையான தசையிலும் நரம்பிலும் அழுத்தம் ஏறுகிறது. அந்த இரு முனைகளையும் தாங்கும் அகலமுள்ள, ஓரளவு உறுதியான இருக்கையே நெடுநேரம் வசதியாக இருக்கும். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி அதிகம் என்பதால் அகன்ற இருக்கை தேவைப்படும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எலும்பு முனைகளில் வலி இருப்பது இயல்பு. ஆனால் மரத்துப்போனால் அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கையின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்துச் சமமாக்குங்கள், அதுவும் போதாவிட்டால் நடுவில் பள்ளமுள்ள இருக்கைக்கு மாறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவோர் திண்டு வைத்த கால்சட்டை வாங்கலாம். அதை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும், ஏனெனில் உள்ளாடையின் தையல்தான் தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது.

கேள்வி: நான் 52 வயதுப் பெண். சிறுவயதில் சைக்கிள் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. இப்போது யாரேனும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினால்தான் கற்க முடியுமா?

பதில்: அம்மா, பின்னால் பிடித்துக்கொண்டு யாரும் ஓட வேண்டியதே இல்லை. அப்படிப் பிடிப்பது சமநிலையைக் கற்பதற்குத் தடையாகவும் இருக்கிறது. இரு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இருக்கையை இறக்கி, இரு பாதமும் தரையில் முழுமையாகப் படியும்படி வைத்துக்கொண்டு, சமதளத்தில் காலால் உந்தி உந்தி நகருங்கள். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் பதினைந்து, இருபது அடி தொலைவில் இருக்கட்டும். காலைத் தூக்கிக்கொண்டு சில விநாடிகள் சறுக்கிச் செல்ல வந்துவிட்டால், உங்களுக்குச் சைக்கிள் தெரிந்துவிட்டது என்றே சொல்லலாம். பிறகு பிரேக் பிடித்து நிறுத்தப் பழகுங்கள், அதற்குப் பிறகு பெடல்களை மாட்டுங்கள், கடைசியாக இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பழகும் நாள்களில் தலைக்கவசத்தோடு கையுறையும் அணியுங்கள். விழுகிறவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான்.

கேள்வி: முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்கிறார்கள். பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தினால் போதுமா?

பதில்: போதாது. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் பெயர்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் நிற்கும் தூரம் மிகவும் நீளும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் கூடும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், புதிய சைக்கிளில் ஏறும் முன் தள்ளிப்பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கைவிரல்களில் வலு குறைந்தவர்களுக்கு, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மிகவும் உதவும். இரண்டு விரல்களே போதும், மழையிலும் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: சைக்கிளைத் தவிர முதலில் எவற்றை வாங்க வேண்டும்?

பதில்: தலைக்கவசம் முதலில். இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரையோ அதற்கு நிகரானதோ இருந்தால் போதும்; அந்தத் தரச் சோதனையை விலை உயர்ந்ததும் குறைந்ததும் ஒருபோலத் தாண்டியாக வேண்டும். ஆகவே விலையைவிடப் பொருத்தத்தைப் பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் சமமாக அமர்ந்து, நாடாவைக் கட்டாமல் தலையை ஆட்டினாலும் நழுவாமல் இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே உள்ள நுரை நசுங்குவதன் மூலம்தான் தலையைக் காக்கிறது, நசுங்கிய நுரை மறுமுறை உதவாது.

அடுத்து, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மணி, அழுத்தமானி வைத்த காற்றுப் பம்பு. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாதவர்கள் ஹேண்டிலில் ஒரு சிறு கண்ணாடி பொருத்திக்கொள்ளுங்கள். இதை ஏனோ பலரும் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள், நானோ ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ, வேகமானி, பந்தயச் சட்டை ஆகியவற்றை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

கேள்வி: மோட்டார் உதவியுள்ள சைக்கிள் வாங்கினால் உடற்பயிற்சி ஆகாதா?

பதில்: ஆகும். மிதித்தால் மட்டுமே உதவும் வகையாக இருந்தால் நீங்களும் உழைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்; மேட்டுக்கும் எதிர்காற்றுக்கும் பயந்து வீட்டில் உட்காராமல் வெளியே வருவீர்கள் என்பதே அதன் பெரிய நன்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டாரும் 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும் உதவியும்தான் சைக்கிளாகக் கருதப்படுவதற்கான வரம்பு. தொடங்குவோருக்கு அதற்கு மேல் தேவையில்லை. வாங்கும்போது, மிதிக்கும் விசையை அளந்து உதவும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெடல் சுழல்வதை மட்டும் உணரும் வகை, புறப்படும்போது திடீரென்று முன்னே பாயும். எடை 20 கிலோவைத் தாண்டுவது வழக்கம் என்பதால், படியேற்றி வைக்க வேண்டிய வீட்டில் இருப்பவர்கள் கடையிலேயே தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். எலும்பு நலிவும் உண்டு. கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், ஓட்டி முடித்துச் சில மணி நேரம் கழித்தும் அளவு இறங்கக்கூடும் என்பதால், இன்சுலின் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். எலும்பைப் பொறுத்தவரை, எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் சைக்கிள் ஓட்டுவது எலும்பை வலுப்படுத்துவதில்லை. அதற்கு நடையும் தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும் தனியே வேண்டும். எலும்பு நலிந்தவர் விழாமல் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால், குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டமும் அகன்ற டயரும் உங்களுக்குக் கட்டாயம்.

கேள்வி: மூன்று சக்கர சைக்கிள் பாதுகாப்பானதா?

பதில்: நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் பாதுகாப்பானது. ஆனால் பெரும்பாலானவை வளைவில் சாயாது என்பதால், வேகமாகத் திருப்பினால் கவிழும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: பராமரிப்பு எனக்குத் தெரியாது. குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஓட்டாமல் வைத்திருந்தாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும் என்பதால், வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச அளவுவரை நிரப்ப வேண்டியதில்லை, 40 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவர் அழுத்தமானியில் 45 பி.எஸ்.ஐ. காட்டும் அளவில் தொடங்கி, தமக்கு இதமான அளவைக் கண்டுகொள்ளலாம். புறப்படும் முன் இரு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். செயினைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, சில நிமிடம் பின்னோக்கிச் சுழற்றியபின், மேலே தங்கிய எண்ணெயை மறுபடி துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெயில் புழுதி ஒட்டி, அது அரத்தைப் போல் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும்.