ஊரில் உள்ள நிலத்தில் பட்டறையும் சாமான் கொட்டகையும் கட்ட என்ன செலவாகும்? இரும்பு ஷெட் அடித்துத் தரும் ஃபேப்ரிகேஷன்காரர் சொல்லும் சதுர அடி ரேட் நியாயமா?

கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். ஊத்துக்கோட்டை பக்கம் அரை ஏக்கர் இருக்கிறதாம். சனி, ஞாயிறில் தச்சு வேலை செய்ய ஒரு பட்டறை, விவசாயச் சாமான் போட ஒரு அறை, இரண்டும் 600 சதுர அடியில் ஒரே கூரைக்குக் கீழே, இரும்பு பைப் தூண் வைத்த தகர ஷெட்டாக வேண்டுமாம். ஏறக்குறைய இதையேதான் நான் பொன்னேரிக்கு மேற்கே எங்கள் நிலத்தில் 2018ல் கட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதுர அடி ரேட்டை வைத்து யாராலும் நியாயம் சொல்ல முடியாது. இரும்பைக் கிலோ கணக்கில் கேளுங்கள். 20 அடி நீளமுள்ள இரண்டு அங்குலச் சதுர பைப், 3 மி.மீ. தடிமனில் சுமார் 26 கிலோ வரும். அதே பைப் 2 மி.மீ. என்றால் 18 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்த பிறகு கேட்கவே வேண்டாம். ரேட்டைக் குறைத்துச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்த எட்டு கிலோவில்தான் குறைக்கிறார். நான் சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் நேரில் வாங்கி, எடை போட்டு, லாரி பிடித்து ஏற்றிவிட்டேன். எல்லோருக்கும் அதற்கு நேரம் இருக்காது, தெரியும். எடைச் சீட்டையாவது கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பைப்புக்காக இல்லை. உங்கள் கேள்வியின் கடைசியில், "அஸ்திவாரமெல்லாம் வேண்டாம், குழி தோண்டி பைப்பை நட்டு கான்கிரீட் ஊற்றினால் போதும் என்கிறார்" என்று ஒரு வரி இருந்ததே, அதற்காக.

என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். "இருபது வருஷமா போடுறேன் சார், ஒண்ணும் ஆகாது. தகர ஷெட்டுதானே, என்ன வெயிட்டு இருக்கப் போகுது?" என்றார் மேஸ்திரி. வெயிட்டு இல்லாததுதான் பிரச்சினையே. வீடு என்றால் அதன் பாரத்தை மண் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஷெட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. அது அமுங்காது, விழாது. பறக்கும்.

வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. அன்று எங்கள் ஊரில் ஒருவருடைய ஷெட் போனது. கூரை மட்டும் கழன்று போயிருந்தால் நானும் திருகு சரியில்லை என்று நினைத்திருப்பேன். அது தூண்களோடு போய் அடுத்த வயலில் மல்லாந்து கிடந்தது. ஒவ்வொரு தூணின் அடியிலும் கான்கிரீட் உருண்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை. வேலையில் குறையே இல்லை, குழியில்தான் குறை. அதை நின்று பார்த்தவன் என்பதால்தான் மேஸ்திரியிடம் நான் இறங்கி வரவில்லை.

கணக்கு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. காற்றுப் பாரத்துக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம் என்று ஒரு விதி உண்டு. அதில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. கூரைமேல் ஓடும் காற்று கூரையை மேலே இழுக்கும்; 600 சதுர அடிக் கூரைக்கு அந்த இழுப்பு எட்டு டன்னைத் தாண்டும். கூரைத் தகர ஷீட், அதைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ், ட்ரஸ்களுக்குக் குறுக்கே ஓடும் பர்லின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இரண்டு டன் தேறினால் அதிகம். ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழக் குழியில் ஊற்றும் கான்கிரீட் 140 கிலோகூட வராது. எட்டுத் தூணுக்கும் சேர்த்து ஒரு டன் சொச்சம். எட்டு டன் மேலே இழுக்க, மூன்று டன் பிடித்துக்கொண்டு நிற்குமா?

நான் போட்டது இதுதான்: நாலடி ஆழம் தோண்டி, அடியில் மூன்றடிக்கு மூன்றடி, ஒரு அடி கனத்தில் கம்பி கட்டிய ஃபுட்டிங், அதாவது தூணுக்கு அடியில் கான்கிரீட் பாதம். அதன் எடை மட்டும் 600 கிலோ. மேலே மூன்றடிக்கு மண்ணை இறுக்கி மூடினால் அந்த மண் ஒரு டன்னுக்கு மேல். காற்று தூணை இழுக்கும்போது ஃபுட்டிங்கோடு அந்த மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். எட்டுத் தூணுக்கும் கூட்டினால் பதினைந்து டன் பக்கம் வரும். செலவு? கம்பி, சிமென்ட், ஜேசிபி வாடகை, கொத்தனார் கூலி எல்லாம் கூடத்தான் செய்தது. பொழுதுபோக்குப் பட்டறைக்கு இது பணத்திமிர் என்று சிலர் சொல்லலாம். அந்தக் காசை கலர் ஷீட்டின் பிராண்டில் மிச்சம் பிடித்தேன், போதுமா?

சிவில் இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூரையின் சரிவு, திறப்பு, சுற்றியுள்ள மரங்கள் இவற்றைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும், எனக்கும் தெரியும். ஓரங்களிலும் முகட்டிலும் இழுப்பு அதிகம், ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். நான் சொல்வது மொட்டைக் கணக்கு. ஆனால் அந்த மொட்டைக் கணக்கைக்கூடப் போடாமல்தான் பாதிப் பேர் ஷெட் கட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபோது என் ஷெட் அசையவில்லை. அந்தக் காற்று வர்தா அளவுக்கு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள், அது தண்டச்செலவு ஆகாது.

தூணை மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டாம். ஏரிப் பாசனக் களிமண்ணில் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும், பைப் தரை மட்டத்தில்தான் முதலில் துருப்பிடித்து அரிக்கும். ஃபுட்டிங்கிலிருந்து தரைக்கு ஒரு அடி மேலே வரைக்கும் பெடஸ்டல் என்கிற கான்கிரீட் கட்டை, அதில் நான்கு போல்ட், அதன்மேல் தூணின் அடியில் வெல்டிங் செய்த பேஸ் பிளேட் தகடு. நட்டு இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். ஷீட்டுக்குத் திருகு போடுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். கூரையின் நடுவில் ஷீட்டின் மடிப்பில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் திருகலாம், ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் திருக வேண்டும். துளை போடும்போது விழும் இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கித் தள்ளிவிடுங்கள். விட்டால் முதல் மழைக்கே கலர் ஷீட் முழுக்கத் துருப்புள்ளி.

வாசல் எந்தப் பக்கம் என்று எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. வடகிழக்கில்தான் வைக்க வேண்டும், ஈசானிய மூலை என்றார் சித்தப்பா. "ஈசானியத்திலிருந்துதான் சித்தப்பா மழையும் வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் பெரிய ஷட்டர் தெற்கில், அவருக்காக ஒரு சின்னக் கதவு கிழக்கில். வடகிழக்குப் பருவமழையில் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒரு ஐப்பசி முழுக்கப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தெற்கில் வைத்தால் கடல்காற்றும் கொஞ்சம் உள்ளே வரும். மே மாதம் ஷீட்டுக்குக் கீழே நின்றால் அதன் அருமை தெரியும். ஷீட்டுக்கு அடியில் காற்றுக் குமிழ் வைத்த பபுள் ஷீட் விரித்தால் வெக்கையும் குறையும், விடியற்காலையில் தகரம் வியர்த்து மெஷின் மேல் சொட்டுவதும் நிற்கும்.

இவ்வளவு தூரம் போய் ஏன் கட்டினாய் என்று கேட்பீர்கள். எங்கள் அடுக்குமாடியின் சங்கச் செயலாளரைக் கேளுங்கள். மொட்டை மாடியில் ஒரு மூலையில் நான் கையால் இழைத்துக்கொண்டிருந்தேன். மெஷின்கூட இல்லை, இழைப்புளி. சத்தம் கேட்கிறதாம், மரத்தூள் பறக்கிறதாம், நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே செயலாளர் வீட்டில் குளியலறை மாற்றியபோது மாதக்கணக்கில் டைல்ஸ் அறுத்தார்கள். தூசி லிஃப்ட் வரைக்கும் படிந்து கிடந்தது, அது யார் காதிலும் விழவில்லை, கண்ணிலும் படவில்லை. பராமரிப்புத் தொகை மட்டும் இருவருக்கும் ஒன்று. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

சாமான் அறையையும் பட்டறையையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கலாம், நடுவில் கூரை வரைக்கும் ஹாலோ பிளாக் சுவர் கட்டாயம் எழுப்புங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டைகள் ஈரத்தை இழுக்கும். பொட்டாஷ் பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், பக்கத்தில் உளியும் ரம்பமும் இருந்தால் ஒரு கார்த்திகை தாங்காது. பலகையைத் தரையில் அடுக்காதீர்கள், கரையான் வரும். இரும்பு ஸ்டாண்ட் அடித்து, சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. ஷெட்தானே என்று அனுமதி வாங்காமல் கட்டாதீர்கள். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கிராமத்துக்கும் உண்டு. சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லையை 2022ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள், உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று விசாரியுங்கள். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். கிணற்று மோட்டாருக்கு வாங்கிய இலவச மின்சாரத்தில் ரம்பம் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பாசனத்துக்கு மட்டும். தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

தகரத்துக்குப் பதிலாகக் கூரைக்குக் கான்கிரீட் தளம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பணம் இருந்தால் போடுங்கள், பறக்கிற கவலை போய்விடும். ஆனால் களிமண்ணில் அதற்கான அஸ்திவாரச் செலவு வேறு கணக்கு.

சாமான் அறைக்குத் தனிப் பூட்டு போட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் காலி ஷெட் இருக்கிறது என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் பழைய கட்டில், ஓடாத கிரைண்டர், கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். என் 600 சதுர அடியில் இப்போது எனக்கென்று மிஞ்சியிருப்பது பாதிதான்.