சுற்றுச்சூழல் போராளியாக இருந்த பெக்கா ஹாவிஸ்டோ, பின்லாந்தின் நேட்டோ விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது முரண்பாடு இல்லையா?

முரண்பாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

1979-இல் போர்ஸா நகருக்கு அருகே, பறவைகள் நிறைந்த கோய்யார்வி ஏரியை நில உரிமையாளர்கள் வடித்துவிட முற்பட்டபோது, இளைஞர்கள் திரண்டு தாங்களே அணை எழுப்பினர். மண் அள்ளும் இயந்திரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். பின்னாளில் பசுமைக் கட்சி உருவாக வித்திட்ட அந்தப் போராட்டத்தில் ஹாவிஸ்டோவும் இருந்தார். கட்டாய இராணுவச் சேவைக்கு மாற்றாகக் குடிமைப் பணியைத் தேர்ந்தவர் அவர். 1987-இல் நாடாளுமன்றம் சென்றார். 1995 தேர்தலில் தோற்றும் சுற்றுச்சூழல் அமைச்சரானார் (பின்லாந்தின் முதல் பசுமைக் கட்சி அமைச்சர் அவரே).

நேட்டோவுக்கும் அவருக்குமான கதை உண்மையில் 1999-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு யுகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசியதால் நேர்ந்த மாசை ஆராய ஐ.நா. அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். செர்பியாவின் பாஞ்செவோ நகரில் தாக்கப்பட்ட இரசாயன ஆலைகளிலிருந்து பாதரசமும் எத்திலீன் டைகுளோரைடும் கசிந்திருந்தன. தன்யூப் ஆற்றில் கலக்கும் கால்வாய் வரை நஞ்சு பரவியிருந்தது. கொசோவோவில், செறிவு குறைந்த யுரேனியம் கொண்ட குண்டுகள் விழுந்த இடங்களிலும் ஆய்வு நடந்தது. ஆகவே, அந்த அமைப்பின் ஆயுதங்கள் மண்ணையும் நீரையும் என்ன செய்யும் என்பதை நேரில் அறிந்த ஒருவர், வெளியுறவு அமைச்சராக 2022 மே 17 அன்று விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார் என்றால், உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு அவர் கணக்கு எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று பாருங்கள். ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லையைப் பகிரும் நாட்டில் அதைக் கொள்கைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். 2024 அதிபர் தேர்தலில் 48.4 சதவீத வாக்குகள் பெற்று அலெக்சாண்டர் ஸ்டப்பிடம் அவர் தோற்றபோதும், இருவருமே நேட்டோ ஆதரவாளர்கள் என்பதால் அது அங்கே பிரச்சினையாகவில்லை.

முரண்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டுமென்றால், அணுமின்சாரத்தைப் பற்றிக் கேட்கலாம். 2014-இல், ரஷ்யாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டமின் உலையுடன் அமையவிருந்த பென்னோவோய்மா அணுமின் நிலையத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்ததால் பசுமைக் கட்சி ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறியது. ஹாவிஸ்டோவின் அமைச்சர் பதவியும் போயிற்று. ரோசாட்டமுடனான அந்த உலை ஒப்பந்தம் முறிந்தது 2022 மே மாதத்தில்; அணுமின்சாரத்தை ஏற்கும் கொள்கைத் திட்டத்தை அவருடைய கட்சி நிறைவேற்றியதும் அதே மாதத்தில்தான்.