ஒரே பட்டு, இரண்டு அருங்காட்சியகங்கள்: எது அசல்?

இரண்டுமே அசலாக இருக்கலாம். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பட்டின் ஒரே பூவேலை லண்டனிலும் பெர்லினிலும் இருப்பதை வைத்து, ஒன்று போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் ஜெர்மனியின் ஆகன் நகரப் பாதிரியார் ஃபிரான்ஸ் போக். 19ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களின் பழைய திருப்பலி அங்கிகளைத் திரட்டி, ஒரே துணியைத் துண்டு துண்டாக வெட்டிப் பல அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தவர். எந்த அங்கி, எந்த ஊர் என்ற தடயமும் அதோடு போய்விட்டது. எனக்கு அது ஆறாத வருத்தம்.

இரண்டு துண்டுகளின் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பூவைப் பார்க்காமல் பிழையைப் பாருங்கள். ஒவ்வொரு பூவிலும் ஒரே இடத்தில் வரும் பிழை, தறியில் பூவேலைக்கான கயிறுகளைக் கட்டியபோதே நேர்ந்தது. ஒரே தறி என்பதற்கு மட்டும்தான் அது சான்று. ஓர் ஊடை (குறுக்கு நூல்) தவறி ஒரே ஒருமுறை விழுந்த கோடு வெட்டு விளிம்பைத் தாண்டி மற்ற துண்டிலும் தொடர்ந்தால், சந்தேகமில்லை, ஒரே துணிதான்.

ஒரு எச்சரிக்கை: போக் காலத்திலேயே ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் இடைக்காலப் பூவேலைகளைப் பார்த்துப் புதிதாக நெய்தார்கள். அதனால் தங்க இழையின் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அக்கால இத்தாலியப் பட்டுகளில் பொன் பூசிய தோல்சவ்வுப் பட்டையை லினன் நூலில் சுற்றியிருப்பது வழக்கம். பொன் உதிர்ந்து பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அப்புறம், தங்க இழை இருந்தால் அருங்காட்சியகப் பட்டியல்களில் டமாஸ்க் (பெரும்பாலும் ஒரே நிறத்தில், மினுமினுப்பு வேறுபாட்டால் பூ தெரியும் நெசவு) என்று மட்டும் தேடாதீர்கள். லாம்பாஸ் (அடித்துணியின் மேல் தனி ஊடைகளால் பூ வரும் நெசவு) என்ற பெயரிலும் தேடுங்கள், பல பட்டியல்களில் அங்கேதான் கிடைக்கும்.