காசநோய் வரலாறு: கேள்வி பதில்

கே: தாம்பரம் சானடோரியம் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) போன்ற இடத்தில் படுத்தால்தான் டிபி குணமாகும் என்று தாத்தா சொல்வார். உண்மையா சார்?

ப: அவர் காலத்து நம்பிக்கை அது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. அதை மாற்றிய ஆய்வும் சென்னையில்தான், 1956இல் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதி நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இருதரப்புக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு காசநோய் மருந்துகள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் சாப்பாடு குறைவு, வேலையும் ஓயவில்லை. அப்படியும் இந்த முடிவு! உடன் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை.

கே: தட்டு, தம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

ப: வேண்டாம். இருமும்போது காற்றில்தான் பரவுகிறது.

கே: அண்ணனுக்கு ஒரு மாதமாக இருமல். என்ன மாத்திரை வாங்கலாம்?

ப: எதுவும் வாங்காதீர்கள். நாளைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனை இலவசம்.

கே: 86ஐ விட 92 பெரிதுதானே? சானடோரியம்தான் மேல் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

ப: இல்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தில் அந்த இடைவெளி தற்செயலாகவும் வரும். அப்புறம், நாட்டிலிருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் எங்கே இருந்தன? இடம் கிடைக்காதவர் மருந்தே இல்லாமல் இருந்தார். அவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: வீட்டில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்களா? அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

ப: நல்ல கேள்வி, உண்மையான சிக்கல் அங்கேதான். பாஸ் நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறைக்கு வழி பிறந்தது இந்த அனுபவத்திலிருந்துதான். வாரம் இரண்டு முறை மருந்து கொடுப்பதையும் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள்.

கே: துணிமணி, பாத்திரம் தனியாக...?

ப: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: குழந்தையாக இருந்தபோதே பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்று. எனக்கு டிபி வராதுதானே?

ப: வரலாம். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய்க்கு அது காப்பு. அதனால் பிறந்ததும் போட்டே ஆகவேண்டும்.

கே: அப்பாவுக்கு இரண்டு மாதத்தில் எடை ஏறிவிட்டது, இருமலும் இல்லை. டிபி மாத்திரையை நிறுத்தலாமா?

ப: கூடாது. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும். மருத்துவர் சொல்லும்வரை ஒரு வேளைகூட விடக்கூடாது. இன்று இரவு மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள்.